மகான் கேள்விகள்

"இதுல சரியான பதில், தப்பான பதில்னு எதுவும் கெடையாதுங்க சார். மனசுல மொதல்ல என்ன தோணுதோ அதுக்கு டிக் போட்டாப் போதுமுங்க. ரொம்ப யோசிக்க வேண்டாமுங்க."

இதைச் சொல்லிவிட்டு நந்தினி ஒரு மூச்சு நேரம் நிறுத்தினாள். பிறகு, "ஏதாச்சும் சந்தேகம் இருக்குதுங்களா சார்?" என்றாள்.

அந்த நிறுத்தம் என்னுடையது. அறிவுறுத்தலை வாசித்து முடித்ததும் எதிரே இருப்பவர் ஒரு மூச்சு விடட்டும், அதன் பிறகு சந்தேகம் கேள் என்று உளவியல் துறையில் நான் வேலை பார்த்த காலமெல்லாம் சொல்லிக்கொடுத்தது. நந்தினி என் மாணவி அல்ல. அவள் சேர்வதற்குள் நான் ஓய்வு பெற்றுவிட்டேன். என்னிடமிருந்து என் மாணவி கலைச்செல்விக்கும், கலைச்செல்வியிடமிருந்து இந்தப் பெண்ணுக்கும் போய், சுற்றி வளைத்து என் முகத்துக்கு நேரே வந்து நின்றது.

"சந்தேகம் ஒண்ணுமில்லம்மா, நீ ஆரம்பி" என்றேன்.

நான் உட்கார்ந்திருந்தது ஜன்னலைப் பார்த்த நாற்காலி. சோதனைக்கு உட்படுபவர் கதவைப் பார்த்து உட்கார்ந்தால் போகிற வருகிறவர்களால் கவனம் சிதறும் என்று, பல ஆண்டுகளுக்கு முன் அந்த ஆய்வகத்தில் மேசைகளைத் திருப்பிப் போட்டவன் நான்தான். பதினொரு மணி வெயில் எதிரே இருக்கும் கோழித் தீவன ஆலையின் தகரக் கூரையில் பட்டு நேராகக் கண்ணில் குத்தும் என்பது நந்தினிக்கு எதிரே உட்கார்ந்த அன்றுதான் தெரிந்தது. அதில் ஒருநாளும் உட்கார்ந்ததில்லையே.

புதன்கிழமை டீ

ஓய்வு பெற்ற பேராசிரியர்களுக்குப் போக இடம் கிடையாது. கோயிலுக்குப் போனால் பக்தி வந்துவிட்டது என்பார்கள், டீக்கடைக்குப் போனால் வீட்டில் மதிப்பில்லை என்பார்கள். அதனால் நான் புதன்கிழமைகளில் என் பழைய துறைக்குப் போய்க்கொண்டிருந்தேன். யாரும் கூப்பிட்டதில்லை. வர வேண்டாம் என்று சொல்ல வழி தெரியாமல் டீ வாங்கிக் கொடுத்தார்கள்.

துறையில் இப்போது இரண்டே பேர். கலைச்செல்வி என்னிடம் படித்தவள், என்னிடமே உதவிப் பேராசிரியராகச் சேர்ந்தவள், இப்போது துறைத் தலைவர். பிரபு கௌரவ விரிவுரையாளர். அந்தப் பதவியில் கௌரவம் என்பது பெயரில் மட்டும்தான் என்று அவரே சொல்லிக்கொள்வார். ஒரு காலத்தில் ஐந்து பேர் இருந்த அறை. காலியான மூன்று மேசைகளில் ஒன்றில் நான் பையை வைப்பேன். வேறு யாரும் அதில் எதையும் வைப்பதில்லை. அதை மரியாதை என்று எடுத்துக்கொண்டிருந்தேன்.

அந்தப் புதன்கிழமை நிலுவைத் தாள் வைத்திருந்தவர்களுக்குச் செய்முறைத் தேர்வு.

உளவியல் செய்முறைத் தேர்வு எப்படி நடக்கும் என்று தெரியாதவர்களுக்காக ஒரு வார்த்தை. வேதியியலில் குடுவை, விலங்கியலில் தவளை. எங்களுக்கு மனிதன். தேர்வெழுதும் ஒவ்வொரு மாணவரும் ஓர் ஆளை எதிரே உட்கார வைத்து, சோதனையை நடத்தி, கணக்கிட்டு, முடிவை எழுத வேண்டும். அந்த ஆளைத்தான் 'சப்ஜெக்ட்' என்போம். வழக்கமாக முதலாமாண்டு மாணவர்களைப் பிடித்து உட்கார வைப்போம். பிஸ்கட் கொடுத்தால் வருவார்கள்.

அன்று அந்த முதலாமாண்டுக்கே வேறொரு தாள் தேர்வு என்று முந்தின நாள் மாலை வாட்ஸாப்பில் தகவல் வந்திருந்தது. நான் தலைவராக இருந்தவரை இரண்டு கால அட்டவணையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்காமல் கையெழுத்துப் போட்டதில்லை. இதைக் கலைச்செல்வியிடம் சொல்லவும் செய்தேன்.

"ஆமாங்க சார்" என்றாள் அவள். "நீங்க இருந்தா நடந்திருக்காதுங்க."

அலுவலகத்தில் இரண்டு பேரைப் பிடித்தாயிற்று. ஊசிகளை ஓட்டையில் செருகும் சோதனைக்குப் பிரபுவே உட்கார்ந்து, ஊசிகளைத் தரையெல்லாம் இறைத்துக்கொண்டிருந்தார். கலைச்செல்வி அகத்தேர்வாளர் என்பதால் உட்காரக் கூடாது. நந்தினிக்கு மட்டும் ஆள் இல்லை. ஆய்வகத்து வாசலில் படிவத்தை நெஞ்சோடு வைத்துக்கொண்டு நின்றாள்.

"போன தடவையும் இப்படித்தானுங்க" என்றாள். "எனக்கு வந்த சப்ஜெக்டு பாதியிலயே பஸ்ஸுக்கு நேரமாச்சுன்னு எந்திரிச்சுப் போயிருச்சுங்க. அதுலதான் போச்சு."

அவளுடைய மற்றத் தாள்கள் எல்லாம் முடிந்துவிட்டன. கோவையில் முதுகலை இடம் கிடைத்து, இந்த ஒரு செய்முறைத் தாளின் மதிப்பெண்ணுக்காக அந்த இடத்தைப் பிடித்து வைத்திருந்தார்கள். இதில் தவறினால் இடமும் போகும், ஒரு வருடமும் போகும். மோகனூரிலிருந்து காலை முதல் பஸ்ஸில் வந்திருந்தாள்.

"நான் உக்காரறேன்" என்றேன்.

கலைச்செல்வி என்னைப் பார்த்தாள். "சார், நீங்களா?"

"சப்ஜெக்டுக்குப் படிக்கத் தெரியணும், தேர்வாளருக்குச் சொந்தமா இருக்கக் கூடாது. ஒழுங்குமுறையில அவ்வளவுதான் இருக்கு. எனக்குப் படிக்கத் தெரியும்."

நாங்கள் உட்காராத நாற்காலி

அவள் அப்படிப் பார்த்ததற்குக் காரணம் உண்டு. எங்கள் துறையில் எழுதப்படாத ஒரு விதி இருந்தது. ஆசிரியர் யாரும் இன்னோர் ஆசிரியர் முன்னால் எந்தச் சோதனைக்கும் உட்கார மாட்டார். வெளியே இருப்பவர்களுக்கு இது விநோதமாகத் தெரியலாம். எங்களைப் பார்த்ததும் பஸ் கண்டக்டர்கூட, "எம் மனசுல என்ன இருக்குன்னு சொல்லுங்க பாப்போம், டிக்கெட்டே வேண்டாம்" என்பார். திருச்செங்கோட்டுப் பக்கத்திலிருந்து ஒரு தோட்டக்காரர் மகனை இழுத்துக்கொண்டு வந்து, "படிப்பு ஏற மாட்டேங்குதுங்க, கரன்ட் கிரன்ட் வெக்கறதா இருந்தா வெச்சிருங்க, நான் வெளிய நிக்கறேன்" என்று சொன்னதுண்டு. ஊரார் மனத்தை எல்லாம் அளக்கக் காத்திருந்த நாங்கள், எங்களை மட்டும் அளக்க விட்டதில்லை.

அதற்குப் பழனிவேல் சார்தான் காரணம். எனக்கு மூத்தவர், நல்ல மனிதர், இப்போது இல்லை. மாணவர்களுக்குச் செய்து காட்டுவதற்காக ஒருமுறை அறிவுத்திறன் சோதனைக்கு அவரே உட்கார்ந்தார். முடிவு 'சராசரி' என்று வந்தது. உலகத்தில் பெரும்பாலோர் சராசரிதான், சராசரி என்றாலே அதுதான் பொருள் என்று வகுப்பெடுப்பவர்கள் நாங்கள். ஆனால் மறுநாளிலிருந்து அவர் 'ஆவரேஜ் சார்' ஆகிவிட்டார். பியூன் வரைக்கும் அப்படியே சொன்னார்கள். அந்தப் பெயரை வைத்தது யார் என்று அவருக்குக் கடைசிவரை தெரியாது.

அதன் பிறகு எங்களில் யாரும் அந்த நாற்காலியில் உட்காரவில்லை.

என் விஷயத்தில் உண்மைதான்

நந்தினிக்குச் சீட்டு எடுத்ததில் வந்திருந்தது ஆளுமை வினாப் படிவம். கேள்விகளுக்கு எதிரே ஆம், இல்லை என்று கட்டங்கள். பென்சிலால்தான் டிக் போட வேண்டும். அச்சடித்த படிவங்கள் குறைவு என்பதால் ஒவ்வொரு தேர்வுக்கும் பிறகு ரப்பரால் அழித்து மறுபடி பயன்படுத்துவார்கள். அந்தச் சிக்கனமும் நான் கொண்டு வந்ததுதான். எனக்கு முன்னால் யார் யாரோ போட்ட டிக்குகளின் தடம் காகிதத்தில் லேசாகப் பள்ளமாகத் தெரிந்தது.

இந்த மாதிரிப் படிவங்களில் ஒரு தந்திரம் உண்டு. உண்மையான கேள்விகளுக்கு நடுவே சில கேள்விகளைத் தூவி வைத்திருப்பார்கள். எப்போதாவது பொய் சொன்னதுண்டா? கொடுத்த வாக்கைத் தவறியதுண்டா? ஒருவர் இல்லாத இடத்தில் அவரைக் கேலி செய்ததுண்டா? மூச்சு விடுகிற எந்த மனிதனும் இவை எல்லாவற்றுக்கும் 'இல்லை' என்று சொல்ல முடியாது. சொன்னால் அவன் தன்னை நல்லவனாகக் காட்டிக்கொள்கிறான் என்று பொருள். மற்றப் பதில்களையும் நம்பக் கூடாது, படிவத்தை ஒதுக்கிவிட வேண்டும். இந்தக் கேள்விகளுக்குக் கிடைக்கும் மதிப்புக்குப் பெயர் பொய் மதிப்பெண்.

வகுப்பில் நான் இவற்றை 'மகான் கேள்விகள்' என்பேன். "யாராவது எல்லாத்துக்கும் இல்லைன்னு டிக் போட்டா, படிவத்தை மூடி வெச்சுட்டு அவங்க கால்ல விழுந்துட்டு வாங்க." வருடா வருடம் இதே இடத்தில் வகுப்பு சிரிக்கும்.

முதல் மகான் கேள்வி வந்ததும் அடையாளம் கண்டுகொண்டேன். வாக்குத் தவறியதுண்டா? எனக்கே சிரிப்பு வந்தது. பிறகு யோசித்தேன். மதிப்பெண் பட்டியலை ஒருநாள் தாமதித்திருக்கிறேனா? வகுப்புக்கு மணி அடித்த பிறகு போயிருக்கிறேனா? என் விஷயத்தில் உண்மையிலேயே இல்லைதானே. 'இல்லை'.

அடுத்தது: உங்கள் தவறுக்காக மற்றவர் மீது பழி போட்டதுண்டா? கண்ணாடி வரைவுக் கருவி நினைவுக்கு வந்தது. கண்ணாடியில் பிம்பத்தைப் பார்த்துக்கொண்டே நட்சத்திரம் வரைய வைக்கும் கருவி அது. ஒரு மாலை அலமாரிக்கு மேலிருந்து அதை எடுக்கும்போது என் கை தவறி, கண்ணாடி இரண்டாக உடைந்தது. 'ஆய்வகப் பொறுப்பாளர் கலைச்செல்வியின் பொறுப்பில் இருக்கையில் கருவி உடைந்தது' என்று முதல்வருக்கு எழுதினேன். அவளுக்கு மெமோ வந்தது. சேர்ந்து ஆறு மாதம்கூட ஆகாத பெண். ஆனால் நடைமுறைப்படி அந்த வாக்கியத்தில் ஒரு சொல்லும் பொய் இல்லை. 'இல்லை'.

கேலி செய்ததுண்டா? பழனிவேல் சார் முகம் வந்தது. அது பிரியத்தில் வைத்த பெயர். 'இல்லை'.

இப்படியே போனது. ஒவ்வொரு கேள்வியையும் இது மகான் கேள்வி என்று கண்டுபிடித்தேன். ஒவ்வொன்றிலும், இது மற்றவர்களுக்காக வைத்தது, என் விஷயத்தில் உண்மையே இதுதான் என்று முடிவு செய்தேன். என் எதிரே ஒரு பெண் உட்கார்ந்து அந்தப் பதில்களைப் படிக்கப்போகிறாள் என்பது எனக்கு நினைவே இல்லை என்று இங்கே எழுதினால், அது இன்னொரு பொய் டிக்.

ரப்பர்

நந்தினி கூட்டினாள். விரலை வைத்து மறுபடி கூட்டினாள்.

"சார்..."

"சொல்லு சாமி."

"லை ஸ்கோருங்க சார். கொஞ்சம் தூக்கலா வருதுங்க."

"எவ்வளவு தூக்கலா?"

"முழுசும் வந்திருக்குதுங்க."

ஆய்வகத்தில் பிரபு தரையில் குனிந்து ஊசி பொறுக்கிக்கொண்டிருந்தார். அவர் காதில் விழுந்ததா என்று பார்த்தேன். அதுதான் எனக்கு முதலில் தோன்றியது.

"விடைத் தகட்டைச் சரியா வெச்சுப் பாத்தயா?" என்றேன்.

"ரெண்டு தடவ பாத்துட்டனுங்க."

அவளுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். பொய் மதிப்பெண் எல்லையைத் தாண்டினால் முடிவு எழுதக் கூடாது. வேறு ஆளைப் பிடிக்க வேண்டும். வேறு ஆள் இல்லை. 'இந்தச் சப்ஜெக்டின் பதில்கள் நம்பத்தக்கவை அல்ல' என்று எழுதலாம், ஆனால் அதைப் புறத்தேர்வாளர் பார்த்தால் சப்ஜெக்ட் யார் என்பார்.

அவள் மேசை மீதிருந்த ரப்பரைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள். கேட்கவில்லை. அந்தப் பெண்ணுக்கு வாயில் வராத கேள்வி என்னவென்று புரிந்துகொள்ள உளவியல் படித்திருக்கத் தேவையில்லை.

"உனக்கு எது சரின்னு படுதோ பண்ணுமா" என்று சொல்லிவிட்டு, வெயில் கண்ணில் குத்துகிறது என்று முகத்தைத் திருப்பிக்கொண்டேன். ரப்பர் உரசும் சத்தம் கேட்டது. பிறகு எழுந்து டீ குடிக்கப் போனேன்.

உரிமை உண்டு

புறத்தேர்வாளர் ஆத்தூர்ப் பக்கத்துக் கல்லூரியிலிருந்து வந்திருந்தார். அதிகம் பேசாத நடுவயதுப் பெண். வாய்மொழித் தேர்வு நடக்கும் அறைக்கும் எங்கள் அறைக்கும் நடுவே ஒட்டுப்பலகைத் தடுப்புதான். காகிதக் கோப்பையில் டீயை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். எல்லாம் கேட்டது.

"இந்த டிக் எல்லாம் நீளமா வால் விட்டிருக்கு. இந்த நாலு மட்டும் குட்டையா இருக்கு, அடியில அழிச்ச தடம் புதுசா இருக்கு. யாரு போட்டதும்மா இது?"

நாற்காலி நகரும் சத்தம் கேட்டது.

"பயப்படாம சொல்லு. சப்ஜெக்ட் போட்டதா, நீ போட்டதா?"

"நானுங்க மேடம்" என்றாள் நந்தினி.

"ஏன்?"

"நானாத்தானுங்க மேடம் போட்டேன். சார் மேல எதுவுமில்லீங்க."

தேர்வறையில் தரவைத் திருத்துவது என்ன குற்றம், அதற்கு என்ன அறிக்கை போகும், முடிவு எவ்வளவு காலம் நிறுத்தி வைக்கப்படும் என்பதெல்லாம் எனக்குப் பாராமல் தெரியும். இரண்டு பிள்ளைகளுக்கு நானே அந்த அறிக்கையில் கையெழுத்துப் போட்டிருக்கிறேன். கோவையில் பிடித்து வைத்திருந்த இடம் அந்த நிமிடமே போயிற்று என்றுதான் அர்த்தம்.

எழுந்து போனேன். போனவன் உண்மையைச் சொல்லியிருக்கலாம். நடைமுறை தெரிந்தவனுக்கு அது அத்தனை சீக்கிரம் வராது.

"படிவத்தைக் கொடுக்கறதுக்கு முன்னால பதிலை மாத்திக்க சப்ஜெக்டுக்கு உரிமை உண்டுங்க மேடம்" என்றேன். "நான்தான் மாத்திச் சொன்னேன். பொண்ணு குறிச்சுக்கிச்சு."

அவர் தலையாட்டினார். "உண்டு சார். எந்தெந்தக் கேள்விக்கு மாத்தினீங்க?"

நான் முகத்தைத் திருப்பிக்கொண்டிருந்தேனே. எந்த நான்கு என்று எனக்கு எப்படித் தெரியும்?

நந்தினி மேசையின் விளிம்பைப் பார்த்துக்கொண்டிருந்தாள். கலைச்செல்வி பேனாவை மூடினாள்.

"லை ஸ்கோர் முழுசா வந்துருச்சுங்க" என்றேன் கடைசியில். "பொண்ணு அழிக்கட்டும்னு நான் வாயை மூடிட்டு இருந்தேன். புள்ளை மேல தப்பில்லை."

கதவருகே நின்ற பிரபு, "முழுசாவுங்களா சார்?" என்றார். கேலியே இல்லை. உண்மையான தொழில் ஆர்வம். அதுதான் தாங்க முடியவில்லை.

வாயால் சொன்னது

புறத்தேர்வாளர் கடிகாரத்தைப் பார்த்தார். "தேர்வு நேரம் முடியல. நேரத்துக்குள்ள மறுபடி எடுக்கலாம், இல்லையா சார்? உங்களுக்குத் தெரியாததா."

"எடுக்கலாம்."

"வேற படிவம் இல்லன்னு கலைச்செல்வி மேடம் சொல்றாங்க. அதனால அந்தப் பொண்ணு படிச்சுக் கேக்கட்டும். நீங்க வாயால சொல்லுங்க. நாங்க ரெண்டு பேரும் கூடவே உக்காந்திருக்கோம். அப்புறம் யாரு டிக்குங்கிற பேச்சே வராது."

ஆய்வகத்தில் மறுபடி அந்த ஜன்னல் நாற்காலி. நந்தினி அறிவுறுத்தலை முதலிலிருந்து வாசித்தாள். சரியான பதில், தப்பான பதில் என்று எதுவும் கிடையாது. ஒரு மூச்சு நிறுத்தினாள். இந்த நிலையிலும் அந்த நிறுத்தத்தை விடவில்லை.

"கொடுத்த வாக்கைத் தவறினதுண்டுங்களா சார்?"

"உண்டு."

"ஒருத்தர் இல்லாதப்ப அவரைக் கேலி பண்ணினதுண்டுங்களா?"

"உண்டு."

"உங்க தப்புக்கு..." அவள் வரியின் அடியில் விரலை வைத்தாள். "உங்க தப்புக்கு மத்தவங்க மேல பழி போட்டதுண்டுங்களா சார்?"

"உண்டு."

கலைச்செல்வி தலையை நிமிர்த்தவில்லை. கையிலிருந்த மதிப்பெண் தாளைப் பார்த்தபடியே, "கண்ணாடிங்களா சார்?" என்றாள்.

"ஆமா கலை."

"நான் அன்னிக்கு வாசப்படியிலதானுங்க நின்னேன். ஊட்டுக்குக் கெளம்பிட்டு, கொடையை மறந்துட்டேன்னு திரும்பி வந்தேன். நீங்க குனிஞ்சு பொறுக்கிட்டு இருந்தீங்க. பாத்தா சங்கடப்படுவீங்கன்னு அப்படியே போயிட்டனுங்க."

முதல்வரிடமிருந்து வந்த மெமோவை அவளிடம் கொடுத்ததே நான்தான், என் கையால். அதை வாங்கிக்கொண்டு, "சரிங்க சார்" என்றாள் அன்று. அதன் பிறகு எத்தனையோ வருடம் ஒரே அறையில் எனக்கு எதிர் மேசை. ஓய்வு பெற்ற அன்று எனக்கு மாலை போட்டவள். புதன்கிழமைகளில் டீ வாங்கிக் கொடுத்தவள். மனித மனத்தைப் பற்றி வருடா வருடம் பாடம் எடுத்த எனக்கு, எதிர் மேசையில் என்ன இருந்தது என்று தெரியவில்லை.

"அடுத்ததப் படிம்மா" என்றார் புறத்தேர்வாளர், எங்கள் இருவரையும் பார்க்காமல்.

நந்தினி கடைசிவரை படித்தாள். நான் கடைசிவரை சொன்னேன். பொய் மதிப்பெண் இந்த முறை எல்லைக்குள் அடங்கியது. முடிவை எழுதினாள். என் ஆளுமை எப்படிப்பட்டது என்று அதில் இருக்கும். நான் கேட்கவில்லை, அவளும் சொல்லவில்லை. அன்று மாலையே மதிப்பெண் போயிற்று. நந்தினி இப்போது கோவையில் படிக்கிறாள்.

ஒன்று மட்டும் மிச்சம் இருந்தது. எங்கள் சோதனை அறிக்கையின் கடைசியில் 'அகநோக்கு' என்று ஒரு பகுதி உண்டு. சோதனை நடந்தபோது தனக்கு என்ன தோன்றியது என்று சப்ஜெக்ட் சொல்ல, மாணவர் அதை அப்படியே எழுத வேண்டும். யாரும் கேட்பதில்லை. 'இந்தச் சோதனை எனக்கு ஆர்வமூட்டுவதாக இருந்தது' என்று எல்லோரும் முன்கூட்டியே எழுதி வைத்துவிடுவார்கள். அந்த வாக்கியத்தை ஆயிரக்கணக்கான தாள்களில் படித்து மதிப்பெண் போட்டிருக்கிறேன். நந்தினியும் காலையிலேயே எழுதி வைத்திருந்தாள்.

தாளைக் கட்டப்போனவளை நிறுத்தி, "அகநோக்கு கேக்கலயாம்மா?" என்றேன்.

அவள் விழித்தாள். "கேக்கோணுங்களா சார்?"

"கேக்கணும்."

"சரிங்க... உங்களுக்கு எப்படி இருந்துச்சுங்க சார்?"

"வெக்கமா இருந்துச்சு."

"அப்படியேவா எழுதறதுங்க?"

"அப்படியே எழுது."

அவள் கை பழக்கத்தில் ரப்பரை நோக்கிப் போனது, பாதி வழியில் நின்றது. பேனாவை எடுத்தாள். காலையில் எழுதிய வரியின் மேல் ஒரே ஒரு கோடு இழுத்தாள். அடியில் இருந்தது இன்னும் படிக்கும்படி இருந்தது. அதற்குக் கீழே நான் சொன்னதை எழுதி, ஓரத்தில் தன் கையெழுத்தைப் போட்டு, தாளை என் பக்கம் திருப்பி வைத்தாள்.